வூர்ஸ்ட்மார்க்டில் ஒயினைத் துப்ப வேண்டுமா?

மன்ஹைம்_புதுசு:
ஜெர்மனியில் மன்ஹைமுக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. செப்டம்பரில் பாட் டூர்க்ஹைமில் நடக்கும் வூர்ஸ்ட்மார்க்டுக்கு அலுவலகத்தில் கூப்பிடுகிறார்கள். பெயரைப் பார்த்தால் தொத்திறைச்சிச் சந்தை, எல்லோரும் பேசுவதோ ஒயினைப் பற்றி. நான் சைவம். ஒயின் இதுவரை இரண்டே முறைதான் குடித்திருக்கிறேன். கோப்பையைச் சுழற்றி, முகர்ந்து, வாயில் வைத்துத் துப்புவார்களே, அந்த மாதிரியா? காரில் போகலாமா?

ரீஸ்லிங்_மாமா:
துப்பினால் பக்கத்தில் இருப்பவர் கோபித்துக்கொள்வார் தம்பி! அதெல்லாம் ஒயின் தயாரிப்பாளர் வீட்டில் உட்கார்ந்து செய்வது. இது திருவிழா. 1417 முதல் கணக்கு வைத்திருக்கிறார்கள். மலைமேல் இருந்த மிக்கேல் சிற்றாலயத்துக்கு வந்த யாத்ரீகர்களுக்குத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து விற்றதுதான் ஆரம்பம். இன்றும் அந்தக் கடைகளுக்குத் தள்ளுவண்டிக் கடை என்றுதான் பெயர். நீள பெஞ்சு, இடித்துக்கொண்டுதான் உட்கார வேண்டும். ஊற்றுவது அந்த ஊர் ஒயின் மட்டும்.

கோப்பைதான் விசேஷம். டுப்பேகிளாஸ் என்பார்கள். அரை லிட்டர் பிடிக்கும் கனத்த கண்ணாடித் தம்ளர், வெளியே வட்ட வட்டமாகக் குழிகள். கொழுப்புக் கையோடு வந்த கசாப்புக்காரர்களுக்கு நழுவக் கூடாதென்று அப்படிச் செய்தார்களாம், ஊரில் சொல்லும் கதை. அரை லிட்டரா என்று பயப்படாதீர்கள், ஒரே தம்ளர் மேசையைச் சுற்றி வரும். ஒரு வாய் குடித்துவிட்டு அடுத்தவரிடம் தள்ள வேண்டியதுதான்.

'ஷோர்லே' என்றால் ஒயினில் சோடா கலந்தது. ஆனால் பாட் டூர்க்ஹைம் இருக்கும் இந்த ஃபால்ஸ் வட்டாரத்தில் சோடா பெயருக்குத்தான், லேசானது என்று நம்பி இரண்டு தம்ளர் உள்ளே தள்ளிவிடாதீர்கள். நிதானமாகச் சுவைக்க ஆசை என்றால் திருவிழாவிலேயே 'வைன்டோர்ஃப்' (ஒயின் கிராமம்) என்னும் பகுதிப் பக்கம் போங்கள், அங்கே காம்பு வைத்த சின்னக் கோப்பை. 'ட்ரோக்கன்' என்று போட்டிருந்தால் இனிப்பு இருக்காது. முதல் தடவைக்கு 'ஹால்ப்ட்ரோக்கன்' கேளுங்கள், அதில் கொஞ்சம் இனிப்பு இருக்கும்.

காரை மறந்துவிடுங்கள். மன்ஹைமிலிருந்து 4ஆம் எண் டிராம் நேராகப் போகிறது.

சைவப்பட்சி:
கார் பற்றி ஒன்று: ஓட்டுபவர் ரத்தத்தில் மதுவுக்குப் பொது வரம்பு 0.5 ப்ரொமில் (ஆயிரத்தில் அரைப் பங்கு). உரிமம் சோதனைக் காலத்தில் இருந்தாலோ 21 வயது ஆகாவிட்டாலோ பூஜ்யம்தான்.

சாப்பாட்டுக்கு முடிச்சுப் போட்ட ரொட்டியான பிரெட்சல், 'வைஸர் கேஸ்' என்னும் தயிர் போன்ற பாலாடைக்கட்டி. வெங்காயக் கேக்கைப் பார்த்து ஏமாறாதீர்கள், பெரும்பாலும் பன்றிக்கொழுப்புத் துண்டு கிடக்கும். 'ஓனே ஷ்பெக்?' (அந்தத் துண்டு இல்லாததா?) என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். ஸாவ்மாகன் என்றால் பன்றி இரைப்பை, சொல்லிவிட்டேன்.

ஃபெடர்வைஸர் வாங்கினால் பாட்டிலைப் படுக்க வைக்காதீர்கள். அது இன்னும் நுரைத்துக்கொண்டிருக்கும் புது ஒயின், காற்று வெளியேற மூடியை இறுக்காமல்தான் விற்பார்கள். முதல் வருடம் நான் அதைப் பையில் படுக்கவைத்து டிராமில் ஏறினேன். இரண்டு நிறுத்தம் தாண்டுவதற்குள் மடிக்கணினி, சட்டை, எதிரில் இருந்த பாட்டியின் செருப்பு எல்லாம் புளிப்பு வாடை. பாட்டி சிரித்துவிட்டார், மடிக்கணினி பிழைக்கவில்லை.

மன்ஹைம்_புதுசு:
நன்றி! எல்லாம் சரி, ஆனால் அண்ணாந்து குடித்தே வளர்ந்தவன் நான். பத்துப் பேர் வாய் வைத்த தம்ளரா?

ரீஸ்லிங்_மாமா:
திராட்சைச் சாறு தனித் தம்ளரில் வாங்கிக்கொள்ளுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள். இல்லையென்றால் முன்னால் குடித்தவர் எந்தப் பக்கம் வாய் வைத்தார் என்று பார்த்துக்கொண்டு எதிர்ப்பக்கம் குடியுங்கள். பதினோரு வருடமாக நான் அதைத்தான் செய்கிறேன், என் மேசையில் இன்னும் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.