ஒரே கறிவேப்பிலைச் செடி, இரண்டு பட்டாம்பூச்சி

குழு: பெங்களூர் வீட்டார்
ஞாயிறு, காலை 7.12

சித்தி: எல்லோரும் எழுந்தாச்சா? பால்கனிக் கறிவேப்பிலைத் தொட்டியில் தொங்கிய கடைசிக் கூடும் திறந்துவிட்டது!

சித்தி: (படம்)

சித்தி: புதன்கிழமை வந்தது முழுக் கறுப்பு, பின்னிறகில் வெள்ளைப் புள்ளி வரிசை. இதில் சிவப்புப் புள்ளி. ஒரே செடியில் இரண்டு இனமா?

மாமா: இது கிரிம்சன் ரோஸ். லால்பாக் பூங்காவில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். முன்னிறகில் வெள்ளைத் திட்டு, பின்னிறகில் சிவப்பு, வால். சந்தேகமே இல்லை.

நான்: சித்தி, உடம்பு தெரிகிற மாதிரி பக்கவாட்டில் இன்னொரு படம் எடுங்களேன். தொட வேண்டாம், இறகு இன்னும் காயவில்லை.

சித்தி: (படம்)

நான்: கறுப்பு உடம்பு! மாமா, இது கிரிம்சன் ரோஸ் இல்லை. அதற்குத் தலையும் வயிறும் குங்குமச் சிவப்பாக இருக்கும். இது காமன் மார்மன், பெண். புதன்கிழமை வந்ததும் இதே இனம்தான்.

மாமா: இறகு அச்சு அசலாக இருக்கிறதே தம்பி?

நான்: அப்படி இருப்பதுதான் அதற்குப் பாதுகாப்பு மாமா. கிரிம்சன் ரோஸின் புழு ஈஸ்வரமூலிக் கொடியைத் தின்று வளரும். அந்த இலையின் நஞ்சு பட்டாம்பூச்சி ஆன பிறகும் உடம்பில் தங்கிவிடும். ஒரு முறை கொத்திப் பார்த்த பறவை அடுத்த முறை அந்தச் சிவப்பைக் கண்டாலே விலகிப் போகும். மார்மனுக்கு அந்த நஞ்சு கிடையாது. தின்பது நம் கறிவேப்பிலையும் எலுமிச்சையும்தானே. அதனால் இறகில் மட்டும் அந்த வேஷம்.

பாட்டி: ஈஸ்வரமூலியா? எங்கள் ஊரில் வேலி ஓரமாகப் படர்ந்து கிடக்கும். இங்கே ஈஸ்வரி பள்ளி என்கிறார்கள். கன்னடத்தில் பள்ளி என்றால் கொடி.

சித்தி: பாப்பா கேட்கிறாள்: அப்போது புதன்கிழமை வந்தது ஏன் வேஷம் போடவில்லை?

நான்: நல்ல கேள்வி பாப்பா. ஆண் எல்லாம் ஒரே மாதிரி, கறுப்பில் வெள்ளை வரிசைதான். பெண்ணுக்கு நம் பக்கத்தில் மூன்று உருவம் உண்டு. ஒன்று ஆணைப் போலவே இருக்கும். இன்னொன்று, கிரிம்சன் ரோஸ் மாதிரியே நஞ்சுள்ள காமன் ரோஸ் என்ற பட்டாம்பூச்சியைப் போல, பின்னிறகின் நடுவில் வெள்ளைத் திட்டும் ஓரத்தில் சிவப்பும். மூன்றாவது உங்கள் வீட்டில் இப்போது இறகு காயவைத்துக் கொண்டிருப்பது. புதன்கிழமை வந்தது ஆணாகவும் இருக்கலாம், ஆண் மாதிரி இருக்கும் பெண்ணாகவும் இருக்கலாம்.

அண்ணி: எல்லாப் பெண்ணும் வேஷம் போட்டால் இன்னும் நல்லதுதானே?

நான்: இல்லை அண்ணி. போலி பெருகிவிட்டால் பறவை கொத்துவதில் பாதிக்கு மேல் ருசியாக இருக்கும். சிவப்பு என்றால் கசப்பு என்ற பாடமே அதற்கு மறந்துபோகும். அசல் நிறைய இருக்கும் இடத்தில்தான் இந்த வேஷம் செல்லுபடியாகும்.

நான்: இன்னொன்றும் சொல்லியே ஆக வேண்டும். இறகின் இத்தனை மாற்றத்துக்கும் பின்னால் இருப்பது டபுள்செக்ஸ் என்ற ஒரே ஒரு மரபணு. பூச்சி ஆணா பெண்ணா என்று உடம்பை வடிவமைக்கிற அதே மரபணு. 2014-இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்தது. அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர் கிருஷ்ணமேக் குண்டே, நம் பெல்லாரி ரோட்டில் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜி.கே.வி.கே. வளாகத்தில் இருக்கும் என்.சி.பி.எஸ். என்ற உயிரியல் ஆய்வு மையத்தின் விஞ்ஞானி. நம் ஊர் ஆள் என்று நினைக்கும்போதே எனக்குப் பெருமையாக இருக்கிறது.

பெரியம்மா: இதைப் படிக்க எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது. எங்கள் குடியிருப்பில் போன வாரம் சொல்லாமல் கொள்ளாமல் பூச்சி மருந்து அடித்துவிட்டார்கள். செடிக்குக் கீழே பச்சைப் புழு ஏழெட்டு செத்துக் கிடந்தது. தலைப்பக்கம் கண் வரைந்த மாதிரி இருந்தது.

நான்: ஐயோ பெரியம்மா, அது மார்மனாகத்தான் இருக்கும். சின்னதில் பறவை எச்சம் மாதிரி பழுப்பும் வெள்ளையுமாக இருக்கும், கடைசியில் பச்சை. தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரண்டு கொம்பு நீட்டி நாற்றம் விடும். கடிக்காது. அடுத்த முறை அடிக்கும் முன்பே சொல்லுங்கள், நானே வந்து உங்கள் குடியிருப்புச் செயலாளரிடம் பேசுகிறேன்.

பெரியம்மா: கட்டாயம் வா. செடி மறுபடி துளிர்க்கிறது, இன்று காலை ஒரு துளிரில் கடுகு அளவு மஞ்சள் முட்டை ஒன்று பார்த்தேன்.

சித்தி: அதை விட்டுவிடுங்கள் அக்கா! நானும் முதலில் இலை போகிறதே என்று புழுவைத் தட்டிவிடப் பார்த்தேன், பாப்பா அழுததால் விட்டேன். சாம்பாருக்குக் கடையில் வாங்கிக்கொண்டேன்.

8.05
சித்தி: பறந்துவிட்டது. கம்பியில் ஒரு நிமிடம் நின்று, எதிர்வீட்டு மாமரம் வரை போனது. பாப்பா கையசைத்துக்கொண்டே நிற்கிறாள்.

8.31
மாமா: லால்பாக் படங்களை எல்லாம் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்பதில் ஏழுக்கு உடம்பு சிவப்பு. இதோ மற்ற இரண்டு.

மாமா: (படம்) (படம்)

நான்: இரண்டும் கறுப்பு மாமா.