சூரிய சுடுதண்ணித் தொகுதிக்கு நியூரல் நெட்வேர்க்: கோடையில் சரி, மாரியில் பிழை

பூநகரியான்:
கிளிநொச்சியில் ஒரு பால் சேகரிப்பு நிலையம். கேன் கழுவ 300 லீற்றர் தாங்கி, வெயிலில் தண்ணியைச் சூடாக்குற 4 சதுர மீற்றர் தட்டைக் கலெக்டர், பம்பு இல்லாமல் தானாகச் சுற்றுற வகை. பெப்ரவரி தொடக்கம் மே வரை 10 நிமிடத்துக்கு ஒருக்கா எடுத்த தரவு இருக்கு. அதை வைச்சு நியூரல் நெட்வேர்க் (தரவிலிருந்து தானாகக் கணிக்கப் பழகுற கணினி மாதிரி) ஒண்டைப் பயிற்றினன். உள்ளீடு 5: வெயில், வெளி வெப்பநிலை, தாங்கியின் மேல், கீழ் வெப்பநிலை, நேரம். நடுவில் 20 நியூரன். அடுத்த 10 நிமிடத்தில் மேல் வெப்பநிலை என்ன என்பதுதான் வெளியீடு. பயிற்சிக்கு 80 வீதம், சோதனைக்கு 20 வீதம் என்று எழுமாறாகப் பிரிச்சுச் சோதிச்சால் பிழை அரைப் பாகைக்குள்ள. நவம்பர் தரவில் நாள் முழுக்க ஓடவிட்டால் 8 பாகை விலகுது. நியூரனைக் கூட்டவா, எல்எஸ்டிஎம் (முந்தின வாசிப்புகளை நினைவில் வைக்கிற நெட்வேர்க் வகை) போடவா?

சோளகம்:
ரெண்டும் வேண்டாம். 10:20 வாசிப்பு சோதனையில் இருக்கு, 10:10உம் 10:30உம் பயிற்சியில் இருக்கு. விடை பக்கத்திலேயே கிடக்குது. உச்சி வெயிலிலும் உங்கட தாங்கி 10 நிமிடத்தில் ஏறக்குறைய ஒரு பாகைதான் ஏறும். "இப்ப எவ்வளவோ, அடுத்ததும் அவ்வளவே" என்று எழுதிவைச்சாலே அரைப் பாகைப் பிழைதான் வரும். முதல் அந்தப் பிழையைக் கணக்கெடுங்கோ. நெட்வேர்க் அதை வெல்லாட்டி ஒண்டும் படிக்கேல்ல. நாள் முழுக்க ஓடவிடுறதெண்டால், ஒவ்வொரு கணிப்பும் அடுத்ததுக்கு உள்ளீடாகப் போகும், அப்பிடி 60 படி. ஒரு படிக்கு 0.1 பாகை ஒரே பக்கம் சாய்ஞ்சாலும் பின்னேரம் 6 பாகை. தரவை வாரம் வாரமாகப் பிரிச்சு, சில வாரங்களை முழுசாகச் சோதனைக்கு ஒதுக்குங்கோ.

அடுத்தது, அந்த நாலு மாதத்தில் வடகீழ் பருவமழை உச்சமாகக் கொட்டுற காலம் இல்லை. காணாத வானத்தை நெட்வேர்க் கணிக்காது. சூரியன் நிக்கிற பக்கமும் மாறுது. ஏப்ரல் நடுப்பகுதியில் கிளிநொச்சிக்கு நேர் உச்சியில் வரும். பிறகு ஓகஸ்ட் கடைசி வரை நண்பகலில் வடக்குப் பக்கம் நிக்கும். தெற்கே சரிச்ச கலெக்டருக்கு, கிடையாக வைச்ச வெயில் சென்சர் ஒரே அளவு காட்டினாலும் சூடு ஒண்டாக வராது. சென்சரைக் கலெக்டரின்ர சரிவிலேயே பூட்டுங்கோ.

எல்லாத்திலும் பெரிய ஓட்டை: எவ்வளவு தண்ணி எடுக்கினம் என்பது உள்ளீட்டில் இல்லை.

பாலைமரம்:
நாள் கணக்குக்கு இறங்குங்கோ. ஐஎஸ்ஓ 9459-2 (சூரிய சுடுதண்ணித் தொகுதியைச் சோதிக்கிற சர்வதேச நியமம்) முறையில் மூண்டே குணகம்: நாள் வெப்பம் = அ × நாள் வெயில் + ஆ × (வெளி வெப்பநிலை − வாற தண்ணி வெப்பநிலை) + இ. எக்செல்லிலேயே பொருத்தலாம். அது சொல்லுறதுக்கும் அளந்ததுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் நெட்வேர்க்கிட்டக் குடுங்கோ. 5 உள்ளீடு, 20 நியூரன், 1 வெளியீடு என்றால் 141 எடைகள் (நெட்வேர்க் பொருத்த வேண்டிய எண்கள்); நாளுக்கு ஒரு வரி என்றால் உங்களிட்ட இருக்கிறது 120 வரிதான். 4 நியூரன் போட்டால் 29 எடைகள், அது போதும்.

பூநகரியான்:
ஓட்டமானி இல்லை. கழுவுற நேரம் காலை, மாலை என்று மாறாது. நேரத்தை வைச்சுச் சமாளிக்கலாமா?

பாலைமரம்:
நேரம் தெரியும், லீற்றர் தெரியாது. பச்சைத் தண்ணி உள்ள வாற குழாயில் துடிப்பு குடுக்கிற ஓட்டமானி ஒண்டும், பக்கத்தில் வெப்பநிலை சென்சரும் பூட்டத்தான் வேணும். பழைய தரவிலிருந்து எடுக்கக்கூடியது இரவு இழப்பு. உதாரணத்துக்கு, தண்ணி எடுக்காத 9 மணித்தியாலத்தில் சராசரி 55இலிருந்து 51 ஆனால், வெளியில் 26 என்றால், வெளியை விடக் கூடின அளவு 29இலிருந்து 25 ஆகுது; ln(29/25) = 0.148 (ln என்பது இயற்கை மடக்கை). அதைத் தாங்கித் தண்ணியை ஒரு பாகை சூடாக்க வேண்டிய 1256 கிலோயூலால் (12,56,000 யூல்) பெருக்கி 32,400 செக்கனால் பிரிச்சால், பாகைக்கு 5.7 வாற்று. மழை இரவை விட தெளிஞ்ச இரவில் இது கூடுதெண்டால் தண்ணி பின்னோக்கிச் சுத்துது. தாங்கியின்ர அடி கலெக்டரின்ர மேல் விளிம்புக்கு 30 சென்ரிமீற்றராவது மேல இருக்கோ என்று அளந்து பாருங்கோ.

சோளகம்:
குழாய்க்கிணற்றுத் தண்ணியெண்டால் கலெக்டர் குழாய்க்குள்ள சுண்ணாம்பு படியும். வெயில் குணகம் "அ" மாதம் மாதமாக இறங்கும். கலெக்டரைச் சிற்றிக் அமிலத்தால் கழுவின திகதியைத் தரவோடயே எழுதிவையுங்கோ. கழுவ முந்தின தரவையும் பிந்தினதையும் ஒண்டாகக் கலந்து பயிற்றாதேங்கோ.