பழைய கார் மாடல் கட்டிய முதல் அனுபவம்: உங்களுடையதையும் எழுதுங்கள்

முதல் கிட்டில் (பாகங்களை ஒட்டிக் கட்டும் மாடல் பெட்டி) என்ன நடந்தது என்று விலாவாரியாக எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு என் முதல் காரிலேயே பதில் இருக்கிறது.

நான் எடுத்தது தாமியா என்ற ஜப்பானிய மாடல் நிறுவனத்தின் வோக்ஸ்வாகன் 1300 பீட்டில், 1966 மாடல், 1:24 அளவு. நிஜக் கார் நாலு மீட்டருக்குச் சற்று மேல். அதை 24-ஆல் வகுத்தால் சுமார் 17 சென்டிமீட்டர், உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்க்கலாம். பீட்டிலைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. இன்ஜின் பின்னால் இருக்கிறது, அதுவும் காற்றால் குளிரும் இன்ஜின், அதனால் முன்பக்கம் கிரில் கிடையாது. குரோம் வேலை குறைவு. உடம்பு முழுக்க உருண்டை. பெயின்ட் அடிக்க இதைவிடச் சுலபமான கார் இருக்காது என்று கணக்குப் போட்டேன்.

கணக்கு தலைகீழாகப் போனது. உருண்டையான பாடியில் வெளிச்சம் எங்கேயும் நிற்காமல் வழுக்கிக்கொண்டே போகும். வழியில் ஒரு மேடு, ஒரு கீறல், ஒரு தூசி இருந்தாலும் அந்த இடத்தில் வெளிச்சம் தடுக்கி விழும். பிளாஸ்டிக் அச்சின் இரண்டு பாதிகள் சேரும் இடத்தில் மயிரிழை போல ஒரு கோடு விழுந்திருக்கும். வெறும் பிளாஸ்டிக்கில் அது என் கண்ணில் படவே இல்லை. பளபளப்பான பெயின்ட் ஏறியதும் மட்கார்டின் மேல் தழும்பு மாதிரி தெரிந்தது.

ஆனால் உண்மையான தவறு அது இல்லை. ஸ்ப்ரே கேனைக் கிட்டத்தில் பிடித்து, ஒரே தடவையில் நிறம் முழுதாக மூட வேண்டும் என்று அடித்தேன். ஈரமாக இருக்கும்போது கண்ணாடி போல மின்னியது. மறுநாள் பார்த்தால் மட்கார்டின் ஓரத்தில் பெயின்ட் வழிந்து சொட்டாக நின்றிருந்தது. கதவைச் சுற்றியிருந்த கோடு பாதிக்கு மேல் நிரம்பிப் போயிருந்தது. கதவே இல்லாத கார் போல இருந்தது அது.

அன்றைக்கு ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அப்போது புரிந்ததுதான் இன்று வரை எனக்கு வழிகாட்டுகிறது. நிஜக் காரில் கதவுக்கும் பாடிக்கும் நடுவே 5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1:24-ல் அது 0.2 மில்லிமீட்டர். நாம் அடிக்கும் பெயின்ட் 0.1 மில்லிமீட்டர் தடிமன் ஏறினாலே நிஜக் காரில் 2.4 மில்லிமீட்டர் பூசியதற்குச் சமம். காரைச் சின்னதாக்கிய அளவுக்குப் பெயின்ட் சின்னதாவதில்லை. மாடல் காரில் பெயின்ட் வேலை என்பது தடிமனோடு போராடுவதுதான். மற்ற எல்லாம் அதற்கு அப்புறம்.

பாடியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஒரு இரவு ஊறவைத்து, பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தேன். முழுதாக வரவில்லை. இன்னொரு இரவு ஊறவிட்ட பிறகு வந்தது. முடிக்காமல் ஓரமாக வைத்துவிடலாம் என்ற எண்ணம் அப்போது பலமாக வந்தது. வைக்காமல் விட்டதில் இன்றைக்கும் எனக்குச் சந்தோஷம்.

இரண்டாவது முறை பெயின்ட் கேனைத் தொடுவதற்கே நான்கு நாட்கள் ஆனது. கதவு, பானெட், டிக்கி கோடுகள் எல்லாவற்றையும் கத்தியின் முதுகுப் பக்கத்தால் மெதுவாக, அழுத்தாமல், ஐந்தாறு முறை இழுத்து ஆழப்படுத்தினேன். அச்சுக் கோட்டை 600 நம்பர் உப்புத்தாளாலும் அப்புறம் 1000-ஆலும் தண்ணீர் தொட்டுத் தேய்த்தேன். பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் பாடியைக் கழுவிக் காயவிட்டேன். அச்சிலிருந்து பிளாஸ்டிக் ஒட்டாமல் வருவதற்காகப் போட்ட எண்ணெய்ப் பசை, நம் விரல் பிசுக்கு எல்லாம் போனால்தான் பெயின்ட் பிடிக்கும். பிறகு சாம்பல் நிற ப்ரைமர், மெல்லிய கோட்டிங். ப்ரைமரின் முக்கிய வேலை பிடிமானம் தருவது என்றுதான் நினைத்திருந்தேன். குறையைக் காட்டிக்கொடுப்பது அதைவிடப் பெரிய உதவி. நான் தேய்த்துவிட்டதாக நம்பிய இடத்தில் கோடு இன்னும் இருந்தது. திரும்பத் தேய்த்து, திரும்ப ப்ரைமர்.

பாடிக்கு முன்னால் பிளாஸ்டிக் ஸ்பூன்களில் அடித்துப் பழகினேன். ஸ்பூனின் முதுகு பீட்டிலின் பானெட் மாதிரியே வளைந்திருக்கும். கேனை வெதுவெதுப்பான தண்ணீரில் சில நிமிடம் வைத்தால் பெயின்ட் இன்னும் நுண்ணிய துளியாக வரும். கொதிக்கும் தண்ணீரோ அடுப்போ கூடவே கூடாது, கேன் வெடிக்கும். ஸ்ப்ரேயைப் பாடிக்கு வெளியே தொடங்கி, பாடியைக் கடந்து, வெளியேதான் நிறுத்த வேண்டும். பாடியின் மேலேயே தொடங்கினால் முதல் துப்பலின் பெரிய துளிகள் அங்கேதான் விழும். முதல் இரண்டு கோட்டிங்கில் அடியில் உள்ள சாம்பல் நிறம் தெரியத்தான் வேண்டும். தெரியவில்லையென்றால் அதிகமாக அடித்துவிட்டோம். நாலாவது கோட்டிங்தான் ஈரமாக, பளபளப்பாகப் படிந்தது.

நான் அடித்தது லாக்கர், கரைப்பான் ஆவியாகிச் சீக்கிரம் காயும் பெயின்ட். மழை நாளில் லாக்கர் ஸ்ப்ரே வேண்டாம். காற்றில் உள்ள ஈரம் பெயின்ட்டில் சிக்கிக்கொண்டு வெள்ளையாகப் பனி படர்ந்த மாதிரி ஆகிவிடும். இன்னொன்று: சாதாரண துணி மாஸ்க் லாக்கரின் ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் (வடிகட்டி) உள்ள மாஸ்க்கும் நல்ல காற்றோட்டமும் கட்டாயம் வேண்டும். கிட் வாங்கும் அன்றே மாஸ்க்கையும் வாங்கிவிடுங்கள்.

காய்ந்துவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்க்காதீர்கள், மூக்கால் பாருங்கள். வாசனை வருகிறவரை பெயின்ட் காயவில்லை. மேலே ஒரு பெட்டியைக் கவிழ்த்து மூடி, ஒரு வாரம் விட்டேன்.

உங்கள் முதல் கார் எப்படிப் போனது? எழுதுங்கள்.

*

நண்பரே, பெயின்ட் தடிமன் கணக்கை இரண்டு முறை படித்தேன். என் கதை பெயின்ட்டில் இல்லை, ஒட்டுவதில் இருக்கிறது.

நான் கட்டியது 1954-ல் வந்த மெர்சிடிஸ் 300 எஸ்எல், இறக்கை போல மேலே திறக்கும் கதவுகள் உள்ள கார். கதவு ஏன் மேலே திறக்கிறது என்று கட்டும்போதுதான் தெரிந்துகொண்டேன். மெல்லிய குழாய்களைப் பின்னிச் செய்த சட்டகம் அது. பலம் வேண்டும் என்பதற்காகக் கதவு வாசலின் ஓரமாகவும் அந்தக் குழாய்கள் உயரமாக ஓடுகின்றன. வழக்கமான கதவு வைக்க இடமே இல்லை, அதனால் கூரையில் கீல் வைத்தார்கள். அந்தச் சட்டகத்தைக் குழாய் குழாயாக ஒட்டும்போது ஒரு இன்ஜினியரின் யோசனை விரலுக்குப் புரிகிற மாதிரி இருந்தது. பெட்டி நிறைய புகைப்படம் பார்த்தாலும் அது கிடைத்திருக்காது.

கடைசி நாள். எல்லாம் முடிந்து முன்கண்ணாடி மட்டும் பாக்கி. சூப்பர் க்ளூவில் இரண்டு சொட்டு வைத்து ஒட்டிவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் கண்ணாடியின் உள்பக்கம் ஓரமெல்லாம் வெள்ளைப் புகை படிந்திருந்தது. அந்தப் பசை காயும்போது எழும் ஆவி பக்கத்தில் உள்ள பரப்பில் வெள்ளையாகப் படியும். உள்ளே காற்று போக வழி இல்லாவிட்டால் இன்னும் மோசம். கண்ணாடியைக் கழற்றி பாலிஷிங் காம்பவுண்டால் பொறுமையாகத் தேய்த்ததில் முக்கால்வாசி போனது. மீதி இன்னமும் இருக்கிறது.

அன்றிலிருந்து கண்ணாடிக்கு வெள்ளைப் பசைதான், மரவேலைக்குப் பயன்படும் பிவிஏ. காய்ந்ததும் நிறமற்றுப் போகும், தப்பான இடத்தில் பட்டால் ஈரப் பஞ்சால் துடைத்துவிடலாம். பிளாஸ்டிக் சிமென்ட்டும் கண்ணாடிக்கு வேண்டாம். அது பசையே இல்லை, இரண்டு பரப்பையும் கரைத்து ஒன்றாக்குகிற கரைப்பான். கண்ணாடியில் ஒரு துளி விழுந்தால் விழுந்ததுதான். இதே காரணத்தால்தான் பெயின்ட் அடித்த பரப்பிலும் குரோம் பரப்பிலும் அது சரியாகப் பிடிக்காது. ஒட்டும் இடத்தை மட்டும் சுரண்டி வெறும் பிளாஸ்டிக்கைக் காட்ட வேண்டும்.

*

எனக்கு 1957 செவ்ரலே பெல் ஏர். 1:25 அளவு. அமெரிக்க கார் கிட்கள் நிறைய இந்த அளவில்தான் வருகின்றன, 1:24 கார் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் லேசாகத் தெரியும்.

கூரை வெள்ளை, கீழே இளநீலம். மாஸ்கிங் டேப் ஒட்டி அடித்தேன். டேப்பை உரித்ததும் எல்லைக்கோடு ரம்பப் பல் மாதிரி இருந்தது, நீலம் டேப்புக்கு அடியில் கசிந்திருந்தது. இப்போது செய்வது இது: டேப் ஒட்டிய பிறகு அதன் விளிம்பில் முதலில் அடியில் இருக்கும் வெள்ளையையே மெல்லிசாக இன்னொரு முறை அடிப்பேன். கசிவதாக இருந்தால் வெள்ளைதான் கசியும், வெள்ளைமேல் வெள்ளை யாருக்குத் தெரியப் போகிறது? ஓட்டை அடைபட்ட பிறகு நீலம்.

வேறொரு கிட்டில் பாடி சிவப்புப் பிளாஸ்டிக்கில் வந்தது. அதன்மேல் வெள்ளை அடித்தால் சில நாளில் இளஞ்சிவப்பாக மாறிவிட்டது. பிளாஸ்டிக்கில் உள்ள சாயம் லாக்கரில் ஊறி மேலே வரும். முதலில் ஒரு வெள்ளி நிறக் கோட்டிங் போட்டுத் தடுக்க வேண்டும் என்று பிறகு கற்றுக்கொண்டேன்.

பெல் ஏரில் எனக்குப் பிடித்த வேலை குரோம் பட்டைதான். ஒட்டும் பசையுள்ள மெல்லிய உலோகத் தாள் கிடைக்கிறது. பட்டையைவிடக் கொஞ்சம் பெரிதாக வெட்டி ஒட்டி, பஞ்சுக் குச்சியால் தேய்த்துப் படியவைத்து, புது பிளேடால் ஓரத்தை வெட்டி, மிச்சத்தை உரிக்க வேண்டும். பிளேடு புதிதாக இருப்பது முக்கியம். மழுங்கிய பிளேடு தாளைக் கிழிக்கும், அதனால் நாம் அழுத்துவோம், அழுத்தினால் அடியில் பெயின்ட்டும் வெட்டுப்படும். பத்துப் பட்டைக்கு மூன்று பிளேடு மாற்றினேன். வெள்ளிப் பெயின்ட்டில் வராத பளபளப்பு அதில் வருகிறது, ஏனென்றால் அது உண்மையிலேயே உலோகம்.

*

ஸ்ப்ரே அடிக்க வசதி இல்லாதவர்களுக்காக எழுதுகிறேன். என் வீட்டில் லாக்கருக்கு இடமில்லை, சின்னக் குழந்தை இருக்கிறது. தண்ணீரில் கரையும் அக்ரிலிக்கும் தூரிகையும்தான். பாடியை வெளியில் ஒருவரிடம் கொடுத்து அடித்து வாங்கிக்கொண்டேன், உள்பக்கம் முழுக்க நானே. தூரிகையில் ரசிக்கக்கூடிய இடம் காரின் உள்பக்கம்தான். சீட்டுக்கு அரைப் பளபளப்பு, தரைக்குப் பளபளப்பே இல்லாத மேட், ஸ்டீயரிங்குக்கு முழுப் பளபளப்பு. நிறம் ஒன்றாகவே இருந்தாலும் இந்த மூன்றும் வேறுபட்டால் தோல், கம்பளம், பேக்லைட் (பழைய காலத்துக் கெட்டிப் பிளாஸ்டிக்) என்று கண் நம்பிவிடுகிறது. டேஷ்போர்டு டயலின் வளையத்தைப் பல்குச்சி நுனியில் வெள்ளி தொட்டு வைத்தேன்.

ஒரு எச்சரிக்கை. வினைல் டயர்களைக் கண்ணாடிப் பாகங்களோடு ஒரே பையில் போட்டு வைக்காதீர்கள். டயரிலிருந்து கசியும் மென்மையாக்கும் பொருள் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். பழைய கிட் ஒன்றைத் திறந்தபோது பின்கண்ணாடியில் டயரின் பட்டன் அச்சுப் பதிந்திருந்தது.

*

எல்லோருக்கும் நன்றி. சிவப்புப் பிளாஸ்டிக் விஷயம் எனக்குப் புதிது, அலமாரியில் அப்படி ஒரு கிட் காத்திருக்கிறது.

என் பீட்டிலுக்கு ஒரு பின்கதை உண்டு. முடித்துச் சில மாதம் கழித்து நிஜமான பழைய பீட்டில் ஒன்று வீட்டு வாசலில் நிற்பதைப் பார்த்தேன். உரிமையாளர் வயதானவர். அனுமதி கேட்டு, போனில் இருந்த என் மாடலின் படத்தைக் காட்டினேன். பெரிதாக்கி நிதானமாகப் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் என்னைத் தன் கார் அருகே கூட்டிப்போய், மட்கார்டும் பாடியும் சேரும் இடத்தில் விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்துக் காட்டினார். அங்கே கறுப்பாக ஒரு மெல்லிய பீடிங் ஓடியது. பீட்டிலில் நாலு மட்கார்டும் தனித்தனியாகப் போல்ட் போட்டு மாட்டியவை. நடுவில் இந்தப் பீடிங்கை வைத்துத்தான் இறுக்குவார்கள். “இது நாலையும் கழற்றி மாட்டியிருக்கிறேன் தம்பி, உங்கள் காரில் கழற்ற முடியாது போலிருக்கிறதே” என்றார்.

அவர் சொன்னது சரி. என் மாடலில் மட்கார்டு பாடியோடு ஒரே துண்டாகத் தெரிந்தது, ஏனென்றால் அந்த இடத்தைப் பாடி நிறத்திலேயே விட்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கறுப்பு எனாமலைத் தண்ணீர் மாதிரி நீர்க்கக் கலந்தேன். அடியில் இருப்பது நன்றாகக் காய்ந்த லாக்கர், அதன்மேல் எனாமல் தாங்கும். எனாமல் மேல் லாக்கர்தான் சுருங்கும். மெல்லிய தூரிகையின் நுனியைச் சந்தின் மேல்முனையில் ஒரே ஒரு முறை தொட்டேன். கறுப்பு தானாகவே வளைவைப் பிடித்துக்கொண்டு கீழே கதவடியில் கால் வைக்கும் படிவரை ஓடி நின்றது. அப்புறம் மற்ற மூன்று மட்கார்டுக்கும் தொட்டேன்.