விண்டோஸ் 10 திறக்கவில்லை, உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. நேற்று இரவு அப்டேட் ஓடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. அப்போதிலிருந்து என் கணினி 'ஆட்டோமேட்டிக் ரிப்பேர்' திரையிலேயே சுற்றிச் சுற்றி நிற்கிறது. குறைந்த வசதிகளோடு மட்டும் திறக்கும் சேஃப் மோடும் வரவில்லை.

விண்டோஸ் 10 பென்டிரைவில் பூட் செய்து கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கமாண்ட் பிராம்ப்ட் திறந்தேன். அங்கே விண்டோஸ் இருக்கும் டிரைவ் சி அல்ல, டி என்று காட்டுகிறது. இதைக் கண்டுபிடிக்கவே ஒரு மணி நேரம் ஆனது! டிஸ்க்கைச் சோதிக்கும் செக்டிஸ்க் பிழை எதுவும் சொல்லவில்லை. டி டிரைவைக் குறிப்பிட்டு, விண்டோஸ் கோப்புகளைச் சோதித்துச் சரிசெய்யும் எஸ்எஃப்சி (SFC) ஓட்டினேன். கெட்டுப்போன கோப்புகள் சிலவற்றைச் சரிசெய்ய முடியவில்லை என்கிறது. அப்புறம் விண்டோஸைப் பழுதுபார்க்கும் டிஸம் (DISM) கட்டளையைக் கொடுத்தால், அதற்குத் தேவையான மூலக் கோப்புகள் கிடைக்கவில்லை என்று நின்றுவிடுகிறது.

பென்டிரைவில் விண்டோஸ் கோப்புகள் அடங்கிய இன்ஸ்டால்.விம் (install.wim) இல்லை, அதையே இன்னும் சுருக்கிய வடிவமான இன்ஸ்டால்.ஈஎஸ்டி (install.esd) மட்டுமே இருக்கிறது. அதையே மூலமாகக் கொடுக்கலாமா? அதிலுள்ள விண்டோஸின் பதிப்பு எண் என் கணினியில் உள்ளதோடு அப்படியே ஒத்துப்போக வேண்டுமா? அப்பாவின் கடைக் கணக்கு முழுவதும் இதில்தான் இருக்கிறது, ஃபார்மேட் செய்ய மனம் வரவில்லை. தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.