யூரியாவை நிறுத்தினால் பாசியில் எண்ணெய் கூடுமா?

பாலக்கோடு மாணவன்:
பயோடீசல் ப்ராஜெக்ட்டுக்காக நான்கு 200 லிட்டர் டிரம்மில் குளோரெல்லா என்ற பச்சை நுண்பாசி வளர்க்கிறேன். இரண்டில் முதல் நாளிலிருந்தே யூரியாவைக் கால் பங்காகக் குறைத்தேன். பச்சை வெளுத்து மஞ்சளாகிவிட்டது. யூரியா தரும் தழைச்சத்து (நைட்ரஜன்) இல்லாவிட்டால் பாசியால் புரதமும் பச்சையமும் செய்ய முடியாது. வெயிலில் பிடித்த கார்பனைக் கொழுப்பாக ஒதுக்கி வைக்கும். அதனால் எண்ணெய்க்குப் பட்டினிதான் வழி. பெரிய தொட்டியிலும் இதையே செய்யப்போகிறேன்.

கே.ஆர்.பி. அணை மீன்பண்ணை:
தம்பி, மஞ்சளானது சரி. காயவைத்து எடை போட்டீர்களா?

பாலக்கோடு மாணவன்:
போட்டேன் அண்ணா. யூரியா முழுதாகப் போட்ட டிரம்மில் 160 கிராம், குறைத்ததில் 70 கிராம். ஆனால் எண்ணெய் விழுக்காடு இரண்டு மடங்காகும் என்றுதானே படிக்கிறோம்?

கே.ஆர்.பி. அணை மீன்பண்ணை:
அப்படியே ஆகட்டும். 160 கிராமில் 20 விழுக்காடு என்றால் 32 கிராம். 70 கிராமில் 40 விழுக்காடு என்றாலும் 28 கிராம்தான். அமெரிக்க எரிசக்தித் துறை 1978 முதல் 1996 வரை நடத்திய பாசித் திட்டமும் இதைத்தான் கண்டது: செல்லுக்குள் எண்ணெய் கூடும், வளர்ச்சி குறைவதால் மொத்த விளைச்சல் கூடாது. விழுக்காட்டை நம்பித் தொட்டி கட்டாதீர்கள். காய்ந்த பாசியில் சுமார் 7 விழுக்காடு தழைச்சத்து. அப்படியானால் ஒரு கிலோ பாசிக்கு 150 கிராம் யூரியாவாவது வேண்டும். அதைக் கொடுக்காமல் பயிரை எதிர்பார்க்க முடியாது.

ஓசூர் ரோஜாத் தோட்டம்:
யூரியாவே எதற்கு சார்? கெலவரப்பள்ளி அணைக்குப் பெங்களூர்க் கழிவுநீர் நுரையோடு வருகிறது. அதில் தழைச்சத்தும் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) இருக்கிறதே. பாசியும் வளரும், ஆறும் சுத்தமாகும்.

கே.ஆர்.பி. அணை மீன்பண்ணை:
ஆற்றுக்காக என்றால் நானும் உங்கள் பக்கம்தான். எண்ணெய்க்கு ஒத்துவராது. திறந்த குளத்தில் அந்தத் தண்ணீரை விட்டால் நீலப்பச்சைப் பாசி முந்திக்கொள்ளும். அதில் டீசலுக்கு ஏற்ற கொழுப்பு குறைவு. அப்புறம், சத்து ஓயாமல் வந்துகொண்டிருக்கும் தண்ணீரில் நினைத்த நாளில் நிறுத்துவது எப்படி?

பாலக்கோடு மாணவன்:
அண்ணா, நினைத்த நாளில் நிறுத்துவது என்றால் இரண்டு கட்டமாகச் செய்யலாமே. முதலில் முழுச் சத்து கொடுத்து அடர்த்தியாக வளர்த்துவிட்டு, கடைசி நான்கைந்து நாள் மட்டும் தழைச்சத்தை நிறுத்தினால்? என் 160 கிராம் டிரம்மை அப்படிப் பட்டினி போட்டிருந்தால் கணக்கே மாறியிருக்கும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கே.ஆர்.பி. அணை மீன்பண்ணை:
இதை மறுக்கவில்லை. ஆனால் அந்த நாட்களில் கரியமில வாயுவும் வெயிலும் குறையக்கூடாது, கொழுப்பு உருவாவதே அவற்றிலிருந்துதான். மணிச்சத்தை நிறுத்திப் பார்க்கிறேன் என்று இறங்காதீர்கள். பாசி அதை முன்பே உள்ளே சேர்த்து வைத்திருக்கும், விளைவு தெரிய நாளாகும். பட்டினி கிடக்கும் நாட்களையும் சேர்த்து, ஒரு லிட்டருக்கு ஒரு நாளைக்கு எத்தனை கிராம் எண்ணெய் என்று வகுத்துப் போடுங்கள். அந்த எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் நான் ஒப்புக்கொள்வேன்.

பாலக்கோடு மாணவன்:
இரண்டு டிரம்மை இன்றே காலி செய்கிறேன் அண்ணா. எடையோடு வருகிறேன்.