பிள்ளையார் கோவில் தெரு குழு, காரைக்குடி: சனிக்கிழமை என்ன வகுப்பு?

சிவகாமி: எல்லாருக்கும் வணக்கம். எங்கள் யுனிவர்சிட்டி மகளிர் ஆய்வு மையத்திலிருந்து நம் தெருவுக்கு ஒரு பயிற்சி நடத்தலாம் என்று மேடம் சொல்கிறார்கள். நமக்குச் செலவில்லை. என்ன வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

லதா அக்கா: மறுபடியும் பினாயில் தயாரிக்கிற பயிற்சியா?

பாத்திமா: காளான் வளர்ப்பை விட்டுவிட்டீர்களே அக்கா 😂

லதா அக்கா: ஆரி வொர்க் சான்றிதழும் இருக்கிறது. லேமினேஷன் போட்டு பீரோவில் வைத்திருக்கிறேன். ஊசிதான் துருப்பிடித்துவிட்டது.

சிவகாமி: அதனால்தான் முன்கூட்டியே கேட்கிறேன். பாடம், ஆராய்ச்சி இரண்டோடு ஊருக்குள் வந்து வேலை செய்வதும் இந்த மாதிரி மையங்களின் கடமை. 1986 தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) பணம் கொடுத்து இவற்றை வளர்த்ததே அதற்கும் சேர்த்துத்தான். தையல் மட்டும்தான் என்று எங்கும் எழுதவில்லை.

லதா அக்கா: அப்படியானால் எனக்கு ஒன்று கேட்க வேண்டும். சென்னையில் ஒரு கடைக்காரர் மாதம் இருபது கிலோ பலகாரம், மணகோலமும் சீப்புச் சீடையும் கேட்கிறார். பாக்கெட்டில் அந்த பதினாலு இலக்க நம்பர் இருந்தால்தான் எடுப்பாராம். அது எங்கே வாங்குவது?

சிவகாமி: உணவுப் பாதுகாப்புத் துறை நம்பர் அக்கா, ஃபாஸ்காஸ் (FoSCoS) என்ற இணையதளத்தில் போட வேண்டும். வீட்டில் சின்ன அளவில் செய்பவர்களுக்கு லைசென்ஸ் தேவையில்லை, பதிவு போதும். வருடத்துக்கு 100 ரூபாய். புரோக்கரிடம் ஆயிரக்கணக்கில் கொடுத்துவிடாதீர்கள். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவும் இலவசம்தான்.

லதா அக்கா: அடப்பாவி, என்னிடம் மூவாயிரம் கேட்டான் ஒருத்தன்!

ராமநாதன் அண்ணன் (அட்மின்): நல்ல விஷயம். பலகார வகுப்பே வைத்துவிடலாம். முடிந்தது.

வள்ளியம்மை ஆச்சி: 🎤 குரல் பதிவு (2:41)

பாத்திமா: கடையில் நிற்கிறேன், கேட்க முடியாது. யாராவது எழுதிப் போடுங்களேன்.

சிவகாமி: ஆச்சி சொன்னதை அப்படியே போடுகிறேன்:
"பலகாரம் நாங்கள் பார்த்துக்கொள்வோம். வக்கீல் யாரையாவது கூட்டிவரச் சொல். எனக்கு 1976இல் கல்யாணம். வெள்ளி, பித்தளை, பாய், தலையணை வரைக்கும் எல்லாச் சீரையும் வளவில் (வீட்டு முற்றத்தில்) பரப்பி வைத்துச் சிட்டை (பட்டியல்) எழுதினார்கள். நாற்பது பக்கம், இன்னும் பெட்டியில் இருக்கிறது. அதோடு உன் பங்கு தீர்ந்தது என்று அண்ணன் மக்கள் இப்போது சொல்கிறார்கள். எங்கள் அப்பச்சி (அப்பா) மலேயா ஈப்போவுக்குக் கொண்டுவிக்கப் (தொழில் செய்ய) போய்ச் சம்பாதித்து வாங்கிய வயலும் இருக்கிறது, ஐயா (தாத்தா) காலத்துப் பெரிய வீடும் இருக்கிறது. எது எனக்கு, எது இல்லை என்று சொல்ல ஆள் இல்லை. கேட்டால் சண்டைக்காரி என்கிறார்கள்."

லதா அக்கா: ஆச்சி 🙏

ராமநாதன் அண்ணன்: ஆச்சி, இதெல்லாம் குடும்பத்துக்குள் பேசுகிற விஷயம். யுனிவர்சிட்டி வந்து பங்காளிகளைப் பிரிக்க வேண்டுமா?

வள்ளியம்மை ஆச்சி: பிரிந்து முப்பது வருஷம் ஆகிறது தம்பி. சாமி வீட்டுப் படைப்புக்கு மட்டும்தான் ஒன்றாக நிற்கிறோம்.

பாத்திமா: 😶

சிவகாமி: தெரிந்த வரைக்கும் சொல்கிறேன், வக்கீல் வந்து சரிபார்க்கட்டும். இரண்டு சொத்தையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். வயல் அப்பச்சி சுயமாகச் சம்பாதித்தது. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குப் பிறகு, உயில் எழுதாமல் அவர் காலமாகியிருந்தால் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. கல்யாணம், சீர் எதுவும் அதைக் குறைக்காது.
பெரிய வீடு பூர்வீகம். தமிழ்நாடு 1989இலேயே பெண்ணுக்குப் பங்கு கொடுத்தது, ஆனால் அதற்கு முன் கல்யாணமானவர்களை விட்டுவிட்டது. 2005இல் மத்திய சட்டம் அந்தத் தடையை எடுத்தது. அந்தச் சட்டம் வந்த தேதியில் அப்பா உயிரோடு இருக்க வேண்டும் என்பதில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

லதா அக்கா: அப்போ ஆச்சிக்கு வீட்டிலும் உண்டா?

சிவகாமி: பாகம் எப்படிப் பிரித்தார்கள் என்பதைப் பொறுத்தது. 2004 டிசம்பர் 20க்கு முன்னால் ரிஜிஸ்டர் ஆன பாகப்பிரிவினையோ கோர்ட் தீர்ப்போ இருந்தால் அதைத் தொட முடியாது. வாய்ப்பேச்சில் பிரித்தோம் என்றால் சுலபத்தில் எடுபடாது. ஆச்சி, சிட்டையைப் பத்திரமாக வையுங்கள். சீராக வந்தது உங்கள் சொத்து, அது தனிக் கணக்கு.

பாத்திமா: எங்களுக்கு இந்தச் சட்டம் வராது. மகனுக்கு இரண்டு என்றால் மகளுக்கு ஒன்று. அந்த ஒன்றையே வாங்க முடிகிறதா என்பதுதான் எங்கள் வீட்டுப் பிரச்சினை. அதையும் பேசச் சொல்.

சிவகாமி: கட்டாயம் அக்கா. இன்னொன்று, மையம் கேஸ் நடத்தாது, வழிதான் காட்டும். ஆனால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வக்கீல் இலவசம், வருமானச் சான்று கேட்க மாட்டார்கள். போன் 15100. வீட்டில் அடிதடி, மிரட்டல் என்றால் 181.

பாத்திமா: எங்கள் கடையில் ஆறு பேர்தான். மேனேஜர் பேச்சு சரியில்லை. யாரிடம் சொல்வது? பெரிய கம்பெனிக்குத்தான் கமிட்டி இருக்கும் என்கிறார்கள்.

சிவகாமி: பத்துப் பேருக்குக் குறைந்த இடங்களுக்கு பாலியல் தொல்லைப் புகாரை எடுக்க மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்கிறது அக்கா. நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தனியாக மெசேஜ் பண்ணுங்கள், இங்கே வேண்டாம்.

லதா அக்கா: சரி, நேரம்? காலை பத்து மணிக்கு அவர்கள் செமினார் ஹாலில் வைத்தால் நான் வர மாட்டேன். எண்ணெய்ச் சட்டியை யார் பார்ப்பது?

சிவகாமி: மேடமும் அதைத்தான் சொன்னார்கள். ஹாலில் வைத்தால் மாணவிகள்தான் வருகிறார்களாம்.

வள்ளியம்மை ஆச்சி: என் வீட்டு முகப்பில் வையுங்கள். ஐம்பது பேர் உட்காரலாம். சனிக்கிழமை மூன்று மணி. முதலில் பத்திரம், அப்புறம் லதாவின் நம்பர். பினாயில் வேண்டாம்.

பாத்திமா: சனிக்கிழமை எனக்கு அரைநாள் லீவு சொல்லிப் பார்க்கிறேன்.

சிவகாமி: அனுப்பிவிட்டேன். மேடம் சரி என்றுவிட்டார்கள். பத்திரம், பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று, எது இருந்தாலும் ஜெராக்ஸ் கொண்டுவாருங்கள். ஒரிஜினல் வேண்டாம்.

ராமநாதன் அண்ணன்: ஒரு சந்தேகம். ஆண்கள் வரலாமா?

லதா அக்கா: ஏன் அண்ணே, குடும்பத்துக்குள் பேசுகிற விஷயம் ஆயிற்றே?

ராமநாதன் அண்ணன்: இல்லை, எங்கள் பாகப் பத்திரம் 1998இல் எழுதினது. ரிஜிஸ்டர் பண்ணினார்களா என்று அப்பச்சியைக் கேட்டால் பதிலே வரவில்லை.