மடிப்பு விழுந்த ஃப்ளெக்சி இசைத்தட்டை ஒரே ஒருமுறை ஓடவைக்க வழி உண்டா?

நேஷனல் ஜியாகிரபிக் 1979 ஜனவரி இதழோடு வந்த திமிங்கிலப் பாட்டுத் தட்டு என்னிடம் இருக்கிறது. காகிதம்போல் வளையும் ஃப்ளெக்சி வகை. அன்று 1 கோடியே 5 லட்சம் பிரதிகள் அச்சிட்டார்கள். இன்று பழைய இதழ்களைப் புரட்டினால் பெரும்பாலும் தட்டு இருப்பதில்லை. இது அப்பா பத்திரப்படுத்தியது. இணையத்தில் கிடைக்கும் ஒலிப்பதிவு எனக்குப் போதாது, இந்தப் பிரதியே பாடவேண்டும்.

விளிம்பிலிருந்து நடுத்துளை நோக்கி ஒரு மடிப்பு ஓடுகிறது. நகத்தால் வருடினால் மெல்லிய மேடு தட்டுப்படும். நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில், 1.8 விநாடிக்கு ஒருமுறை 'டக்' என்று ஊசி துள்ளுகிறது. முதல் ஒரு நிமிடம் எப்படியோ நகர்கிறது. அதன்பின் ஒரே பள்ளத்தில் சிக்கிச் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

டர்ன்டேபிள் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2. மற்ற தட்டுகள் அதில் நன்றாகவே ஓடுகின்றன. இரண்டு வாரமாகப் போராடுகிறேன். தடித்த எல்பி இசைத்தட்டு ஒன்றின்மேல் வைத்து ஓட்டினேன். நடுவில் நாணயம் வைத்ததில் வழுக்கல் நின்றது, துள்ளல் நிற்கவில்லை. ஊசியின் அழுத்தத்தை 1.8 கிராமிலிருந்து 2 கிராமாக உயர்த்தினேன். கனமான புத்தகங்களுக்கு அடியில் ஒரு வாரம் வைத்தும் மடிப்பு அப்படியே இருக்கிறது. சூடு காட்ட மட்டும் துணியவில்லை; இவ்வளவு மெல்லிய பிளாஸ்டிக் சுருண்டுவிட்டால் மீட்கவே முடியாது.

பள்ளங்களுக்குச் சேதம் வராமல் இந்த மடிப்பை, ஒருமுறை முழுதாகப் பதிவு செய்யும் அளவுக்காவது, எப்படித் தட்டையாக்குவது?